‘லெஸ்’ ஒன்றல்ல, இரண்டு

டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் போடும்போது உள்ளே சின்ன டியூப் இருக்குமோ என்று யாரும் தேடுவதில்லை. டியூபே கிடையாது. ஆனால் ‘லெஸ்’ என்றால் ‘குறைவு’ என்றுதானே படித்திருக்கிறோம்?

குறைவைச் சொல்லும் தனிச்சொல் வேறு, சொல்லின் கடைசியில் ஒட்டும் விகுதி வேறு. தனிச்சொல்லின் பழைய ஆங்கில வடிவம் ஏறத்தாழ ‘லேஸ்’. விகுதியோ ‘லேயாஸ்’ என்ற பெயரடையிலிருந்து வந்தது. அதற்கு ‘விடுபட்ட, நீங்கிய’ என்று பொருள். ‘லூஸ்’ (தளர்ந்த), தமிழில் ‘லூஸ்’ என்றே எழுத வேண்டியிருக்கும் இன்னொரு சொல் (இழ), ஜெர்மன் விகுதியான ‘லோஸ்’ எல்லாம் இதன் உறவுகள். காலப்போக்கில் ஒலி தேய்ந்து, இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றுவிட்டன.

தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். ‘அன்பற்ற’ என்பதில் வரும் ‘அற்ற’, கயிறு அற்றது என்கிறோமே, அந்த ‘அறு’தான். அறுந்து போனது, ஆகவே இல்லாதது. ‘லவ்லெஸ்’ஸும் இதே வழியில் வந்ததுதான்.

விகுதி பெரும்பாலும் பெயர்ச்சொல்லில் ஒட்டும். பெயரடையில் ஒட்டாது, ‘ஹேப்பி’க்கு எதிர்ச்சொல் வேண்டுமென்றால் முன்னால் ‘அன்’ சேர்க்க வேண்டும். வினையிலும் சில சமயம் ஒட்டும், அப்போது பொருள் சற்றுத் திரும்பும்: ‘டயர்லெஸ்’ என்றால் சோர்வடையாத, ‘கவுண்ட்லெஸ்’ என்றால் எண்ண முடியாத. ‘பிரைஸ்லெஸ்’ பலரைக் கவிழ்த்துவிடும். விலையில்லாத, அதாவது மதிப்பில்லாத என்று எடுத்துக்கொள்கிறார்கள். விலை சொல்லி மாளாதது என்பதே பொருள். மதிப்பில்லாததற்கு ‘ஒர்த்லெஸ்’ இருக்கிறது.

சில சொற்களில் விகுதி பிழைத்துக்கொண்டது, அடிச்சொல் வழக்கொழிந்துவிட்டது. ‘ரூத்லெஸ்’ஸில் உள்ள ‘ரூத்’ என்றால் இரக்கம். ‘லிஸ்ட்லெஸ்’ஸில் இருப்பது பட்டியல் அல்ல, விருப்பம் என்ற பொருள்கொண்ட பழஞ்சொல்.

‘அன்லெஸ்’ மட்டும் ஏமாற்றும். அதில் இருப்பது விகுதியல்ல, குறைவைச் சொல்லும் தனிச்சொல். ‘இதற்குக் குறைந்த நிபந்தனையில்’ என்ற பொருளில் ‘ஆன் லெஸ் தேன்’ என்று 15ஆம் நூற்றாண்டில் வழங்கிய தொடர் சுருங்கி வந்தது அது. முதலில் இருந்த ‘ஆன்’, அழுத்தமில்லாமல் ஒலித்து ‘அன்’ ஆகிவிட்டது.

எழுதும்போது ‘கேர்’ போன்ற சொற்களின் கடைசி ‘ஈ’ எழுத்தை விடக் கூடாது. ‘பென்னி’யின் கடைசி ‘ஒய்’, ‘ஐ’ ஆகும். ‘ஷெல்’ போல இரட்டை ‘எல்’லில் முடியும் சொல்லோடு சேர்த்தால் மூன்று ‘எல்’ வரிசையாக நிற்கும். அங்கே நடுவில் சிறுகோடு போடுவது வழக்கம்.