அப்ளிக்: ஒட்டுத்தையலா, ஒட்டுவேலையா?

ஒரு துணியில் வெட்டிய உருவத்தை இன்னொரு துணியின் மேல் வைத்து, ஓரத்தைத் தைத்தோ ஒட்டியோ நிலைநிறுத்தும் வேலையைத்தான் தையல்கடைகளில் ‘அப்ளிக் ஒர்க்’ என்கிறார்கள். சொல் பிரெஞ்சு. ‘அப்ளிகே’ என்றால் மேலே பொருத்தப்பட்டது. அதன் வேர் ‘அப்ளிகாரே’ என்ற லத்தீன் வினை. விண்ணப்பத்தைக் குறிக்கும் ‘அப்ளிகேஷன்’ இதே வேரில் கிளைத்ததுதான்.

எம்பிராய்டரியும் இதுவும் ஒன்றல்ல. அங்கே நூலே பூவாகிறது. அதற்குப் பூத்தையல் என்ற நல்ல சொல் இருக்கிறது. பேட்ச்வொர்க்கும் வேறு: துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே துணியாக்குவது அது. அப்ளிக்குக்கு அடித்துணி கட்டாயம்.

சொல் வெளியூர்ச் சரக்கு என்றாலும் வேலை நமக்குப் பழகியது. தேரைச் சுற்றி உருளையாகத் தொங்கும் தொம்பைகளில் நிறத்துணிகளை வெட்டி வைத்துத் தைத்திருப்பது இந்த வேலைதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஒட்டுப்போடுதல்’ கிழிசலை மறைப்பதைக் குறிக்கும், அதனால் அலங்காரத்துக்குப் பொருந்தாது. ஓரம் தைத்தால் ‘ஒட்டுத்தையல்’ கச்சிதமான சொல். ஆனால் கணினியில் வரைந்த உருவத்தை அப்படியே வெட்டித் தரும் இயந்திரம் வந்தபின் பலர் இஸ்திரி போட்டு ஒட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைத் தையல் என்பது பிழை. இரண்டுக்கும் பொதுவாக ‘துணி ஒட்டுவேலை’ என்றும், வெட்டியெடுத்த உருவத்தை ‘ஒட்டுரு’ என்றும் சொல்லலாம் என்பது எங்கள் பரிந்துரை.

பொங்கல் தோரணத்துக்குப் பானையும் கரும்பும் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். சென்னை கோடவுன் தெருவில் வாங்கிய பருத்தித் துணியை முதலில் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். அலசாத துணி பிறகு சுருங்கி, ஒட்டுருவைச் சுற்றி மடிப்பு விழும். அலசும்போது துணி மென்மையாக்கி சேர்க்காதீர்கள், பசை பிடிக்காது.

பசைத்தாள் வாங்கும்போது கவனம் தேவை. காலருக்கு ஒட்டும் பேஸ்டிங் கேன்வாஸில் ஒரு பக்கம்தான் பசை. இந்த வேலைக்கு அது உதவாது. தாளோடு வரும் இருபக்கப் பசை வேண்டும். அதிலும் தைப்பதற்கு மெல்லிய ரகம், தைக்காமல் விடுவதற்குக் கெட்டி ரகம். கெட்டி ரகத்தில் தைத்தால் ஊசியில் பசை ஏறி நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

பசையைத் துணியின் பின்புறம் வைத்து, நீராவி இல்லாமல், இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுங்கள். ஆறியபின் தாளை உரித்து, பசைப்பக்கம் கீழே இருக்கும்படி இயந்திரத்தின் பிடிப்புள்ள வெட்டும் பாயில் பரப்பி, உருளையால் நீவுங்கள். நல்ல பக்கம் மேலே இருப்பதால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக்க வேண்டாம். நல்ல பக்கம் கீழே போனால் மட்டும் திருப்ப வேண்டும்; எழுத்து வெட்டும்போது இதை மறந்தால் துணி வீண்.

கிரிகட் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோர் வகை வெட்டும் இயந்திரத்தில் பசையூட்டிய துணிக்கென்றே தனி பிளேடு உண்டு. பசையில்லாத வெறும் துணியை அதே நிறுவனத்தின் மேக்கர் இயந்திரத்திலுள்ள சுழல் பிளேடு வெட்டும், ஆனால் முக்கால் அங்குலத்துக்குச் சிறிய உருவங்களில் அது திரும்பத் திணறும். முழுத்துணிக்கு முன் ஓரத்தில் சிறு சதுரம் ஒன்றை வெட்டிப் பாருங்கள். நூல் இழுபட்டால் பெரும்பாலும் பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது பாயில் பிடிப்பு போயிருக்கும். துணி வெட்டுவதற்கான பாயைக் கையால் தடவாதீர்கள். விரலின் எண்ணெய் பட்டாலே பிடிப்பு குறையும்.

கரும்புத் தோகையின் நுனிதான் தொல்லை. ஊசிபோல் வரைந்தால் நூல் பிரிந்துவிடும். நுனியை 3 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் மழுக்கி வரையுங்கள். நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் செயற்கை இழை ஃபெல்ட் சூட்டில் உருகும், மேலே பருத்தித் துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள்.

ஓரத்துக்கு 3 மி.மீ. அகல நெருக்கமான ஜிக்ஜாக் போதும். அடித்துணிக்குக் கீழே கிழித்தெடுக்கும் தாள் வைக்காவிட்டால் தையல் சுருங்கும். பானையின் வெளிவளைவில் திருப்பும்போது ஊசி ஒட்டுருவுக்கு வெளியே அடித்துணியில் இறங்கி நிற்கட்டும். கழுத்தின் உள்வளைவில் ஒட்டுருவின் மேல் நிற்கட்டும். மாற்றிச் செய்தால் வளைவில் இடைவெளி தெரியும்.