கருவிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை: வில்ம்ஸ் கட்டி

குளிப்பாட்டும்போது குழந்தையின் வயிற்றில் ஒரு பக்கம் கெட்டியாகத் தட்டுப்படும். பெரும்பாலும் வலி இருக்காது. குழந்தை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் வரும் புற்றுநோயான வில்ம்ஸ் கட்டி பலருக்குத் தெரியவருவது இப்படித்தான், அதிலும் 3, 4 வயதில். அதை ஆளாளுக்கு அமுக்கிப் பார்க்க விடாதீர்கள். கட்டியைச் சுற்றியுள்ள உறை கிழிந்து அதன் செல்கள் வயிற்றுக்குள் சிந்தினால் சிகிச்சை கடுமையாகும். உடனே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுங்கள்.

"சாப்பாட்டில் ஏதும் தப்பா?" என்று கேட்காத தாய் இல்லை. தப்பே இல்லை, அம்மா. கருவில் பிளாஸ்டீமா என்ற இளந்திசுவிலிருந்துதான் சிறுநீரகம் உருவாகிறது. சுமார் 36-வது வாரத்தில் அந்த வேலை முடிந்துவிடும். சில குழந்தைகளுக்கு அதில் கொஞ்சம் முதிராமல் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் தானே சுருங்கிப்போகும். டபிள்யூடி1 போன்ற மரபணு பழுதானால் கட்டியாக வளரலாம்.

அதனால்தான் மைக்ராஸ்கோப்பில் இந்தக் கட்டி பாதியில் நின்ற சிறுநீரகம்போலத் தெரிகிறது. நெருக்கியடித்த கருநீல உருண்டைச் செல்கள் பிளாஸ்டீமா. நடுநடுவே அரைகுறைக் குழாய்கள், ரத்தநாளம் இல்லாத வடிமுடிச்சுகள் (சிறுநீரகத்தின் வடிகட்டிகள்): இது எபிதீலியம். சுற்றிலும் கதிர்வடிவச் செல்களாலான ஸ்ட்ரோமா. அதில் சில நேரம் குறுக்குவரியோடு எலும்புத்தசை இழையே இருக்கும். மூன்றும் எல்லாக் கட்டியிலும் இருப்பதில்லை.

பிளாஸ்டீமா கீமோவுக்கு நன்றாகக் கரையும். ஆனால் கீமோ கொடுத்து எடுத்த கட்டியில் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி பிளாஸ்டீமாவாக இருந்தால், அது மருந்தை மீறி நின்றது. அதிக ஆபத்து வகை. அனாபிளாசியாவும் கவலைக்குரியது: பக்கத்துச் செல்களைவிட மூன்று மடங்கு பெரிய, அடர்ந்த நியூக்ளியஸ், தாறுமாறான செல்பிரிவு. இது ஒரு மூலையில் மட்டும் ஒளிந்திருக்கலாம். அதனால் அகலமான இடத்தில் ஒரு செ.மீ.க்கு ஒரு பிளாக்காவது (மெழுகில் பதித்துப் பரிசோதிக்கும் திசுத்துண்டு) எடுக்க வேண்டும், 12 செ.மீ. கட்டிக்கு 12. கட்டியில்லாத சிறுநீரகப் பகுதியும் வேண்டும். அங்கே முதிராத திசு இருந்தால் மறு சிறுநீரகத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

அறுவை அரங்கிலேயே கட்டியைப் பிளந்து பார்ப்பது பெரிய தவறு. உறைக்கு மை பூசாமல் வெட்டினால், கட்டி வெளியே பரவியதா, வெட்டும்போது பிதுங்கியதா என்று பிறகு சொல்லவே முடியாது. நிணநீர் முடிச்சுகள் வந்து சேராவிட்டாலும் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற நிலை கணிப்பு அரைகுறைதான்.

குழந்தைகளின் சிறுநீரகக் கட்டியெல்லாம் வில்ம்ஸ் அல்ல. எலும்புக்குப் பரவும் கிளியர் செல் சார்கோமா உண்டு. ஐஎன்ஐ1 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏறாத ராப்டாய்டு கட்டி உண்டு. பிறந்து மூன்று மாதத்துக்குள் என்றால் முதலில் நினைக்க வேண்டியது மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமா என்ற வேறொரு சிறுநீரகக் கட்டி.

பிறவியிலேயே ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) இல்லாத குழந்தைக்கும், உடலின் ஒரு பக்கம் மட்டும் பெருத்திருக்கும் குழந்தைக்கும் மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆபத்து உறுதியானால் 7 வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன்; ஒன்றையும் தவறவிடாதீர்கள்.