கர்னல் என்றால் பருப்பு

போன வாரம் கடைக்கு வந்த பாலிடெக்னிக் பையன் ஒருவன் போனில் ஒரு செய்தியை வாசித்துக் காட்டினான். "லினக்ஸ் உட்கருவின் புதிய பதிப்பு வெளியானது." வாசித்து முடித்ததும் கேட்டான்: "அண்ணே, உட்கருன்னா பள்ளிக்கூடத்துல படிச்சோமே, செல்லுக்குள்ள இருக்குமே, அதுவா?" இல்லை, ஆங்கிலத்தில் கர்னல் என்பதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்றேன். பிறகு அது எது என்று சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தில் உட்கரு என்ற சொல் எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. முதலில் அதை அவன் மனதிலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது, அப்புறம்தான் விளக்கவே தொடங்க முடிந்தது. லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை புதிய கர்னல் வருகிறது. வரும்போதெல்லாம் யாராவது தமிழில் உட்கரு என்று எழுதுகிறார்கள். பல வருடமாகப் பார்த்துப் பொறுத்தாயிற்று.

பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியில் நினைவகத்தை எந்த நிரலுக்கு எவ்வளவு பங்கிடுவது, ப்ராசசர் என்கிற செயலியை எந்த நிரல் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், வட்டையும் விசைப்பலகையையும் வைஃபையையும் எப்படி இயக்குவது என்று பார்த்துக்கொள்ளும் நடுநிரல்தான் கர்னல். லினக்ஸ் என்ற பெயரில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதி வெளியிட்டது இதை மட்டும்தான். உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்ற இயங்குதளங்கள் எல்லாம் இதைச் சுற்றிக் கட்டியவை. சொல்லின் பிறப்பும் எளிது. கார்ன் என்றால் பழைய ஆங்கிலத்தில் தானியம், விதை. அதன் சிறுமை வடிவம் கர்னல், அதாவது சின்ன விதை. அதுவே பிறகு கொட்டைக்குள் இருக்கும் தின்னக்கூடிய பகுதிக்கும் பெயரானது. ராணுவ அதிகாரியான கர்னல் இத்தாலிய வழி வந்த வேறு சொல். ஆங்கிலத்தில் ஒலி ஒன்று, எழுத்து வேறு. தமிழில் எழுதும்போது எழுத்தும் ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் கர்னல் என்று அப்படியே எழுதுவதிலும் எனக்குத் திருப்தி இல்லை.

சரி, உட்கருவுக்கு வருவோம். அதற்காகப் பேசுகிறவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உட்கரு நியூக்ளியசுக்கான பாடப்புத்தகச் சொல். நியூக்ளியஸ் லத்தீனில் கொட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்றுதான் பொருள். கணினித் துறையிலேயே அந்தப் பெயர் இருந்தது. டென்மார்க்கின் கணினி அறிஞர் பெர் பிரிஞ்ச் ஹான்சன் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இயங்குதளத்தின் இந்த நடுப்பகுதியை நியூக்ளியஸ் என்றே அழைத்தார். அப்படியானால் உட்கரு சரிதானே என்பார்கள்.

சரியில்லை. லத்தீன்காரர் கொட்டையைப் பார்த்து நியூக்ளியஸ் என்றார். 1831இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் செல்லுக்குள் இருந்ததற்கு அந்தப் பெயரை வைத்தார். நம்முடைய பாடநூல்காரர் செல்லைப் பார்த்து உட்கரு என்றார். கொட்டை நடுவழியிலேயே காணாமல் போய்விட்டது. தமிழில் கரு என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கருவுற்றாள், கரு கலைந்தது, முட்டையின் மஞ்சள் கரு, கதையின் கரு. இனிமேல் வளர்ந்து வேறொன்றாக ஆகப்போகிற தொடக்கம்தான் கரு. கர்னல் அப்படி வேறொன்றாக வளர்வதற்காகக் காத்திருக்கவில்லை. அது முழுதாக விளைந்தது, இப்போதே வேலை செய்வது. பருப்பும் முளைக்காதா என்று கேட்கலாம். முளைக்கும். ஆனால் விதைக்கும்போது அதை விதை என்கிறோம், உடைத்து எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் பருப்பு என்கிறோம். அந்த வேறுபாட்டைத் தமிழ் எப்போதோ செய்து வைத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை, ஜோடியைப் பிரித்தது. கர்னல் தனியாக நிற்கும் சொல் இல்லை. அதற்கு ஷெல் என்றொரு துணை உண்டு. 1960களின் நடுவில் மல்டிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக அந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சுக்காரரான லூயி பூசான். நாம் கட்டளையைத் தட்டுவது ஷெல்லில். அது வாங்கி உள்ளே சொல்லும், உள்ளே இருக்கும் கர்னல் வேலையை முடித்துத் தரும். வெளியே ஓடு, உள்ளே பருப்பு. இரண்டு பெயரும் ஒரே கொட்டையிலிருந்து வந்த உவமை. தமிழில் என்ன செய்தோம்? ஷெல்லை ஒருவர் கூடு என்கிறார், இன்னொருவர் உறை என்கிறார். கர்னலை உட்கரு என்கிறார்கள். கூட்டுக்குள் உட்கரு, உறைக்குள் உட்கரு. எந்தக் காட்டிலாவது அப்படி ஒன்று காய்க்கிறதா?

எங்கள் பக்கம் இந்த ஜோடியைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் அண்டி ஆபீஸ் இல்லாத ஊர் குறைவு. முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலையைத்தான் அப்படிச் சொல்கிறோம். என் மாமி முப்பது வருடம் போல அங்கே வேலை பார்த்தாள். வறுத்த அண்டியைப் பலகையில் நிறுத்தி மரக்கட்டையால் ஒரு தட்டு. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால் விரலெல்லாம் சாம்பல் தடவிக்கொள்வாள். அப்படியும் நகக்கண் வரை கறுத்திருக்கும், சோறு பிசையும்போது தெரியும். "தோட்டை உடைக்க யாருக்கும் முடியும் மக்களே, பருப்பு முழுசா வரணும்லா" என்பாள். முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நின்றால் அது 320 என்ற தரம்.

எங்கள் வீட்டில் அரிசி போட்டு வைத்திருந்தது அங்கிருந்து வந்த காலி டின் ஒன்றில். 25 பவுண்டு பிடிக்கும் சதுர டின். அதன் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த பெயர் 'கேஷ்யூ கர்னல்ஸ்'. கர்னல் என்ற சொல்லை நான் முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தது அந்த டின்னில்தான். லினக்ஸ் என்ற பெயரே அப்போது எனக்குத் தெரியாது. மாமியிடம் காட்டி இது என்ன என்று கேட்டதற்கு, "பருப்புலா அது" என்றாள். எந்தக் கலைச்சொல் குழுவும் அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பைத் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் எழுதுவது பருப்பு, ஓடு. எங்கள் ஊரில் தோடு என்றுதான் வாயில் வரும். ஆனால் மற்ற ஊர்க்காரருக்கு அது காதில் போடுவது என்பதால் ஓடு போதும். சோதித்துப் பார்க்க ஒரு பழைய செய்தியை எடுத்தேன். 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 பதிப்பில், ஏறக்குறைய 20 ஆண்டுகளாகத் தனியே பராமரித்து வந்த நிகழ்நேர ஒட்டுகள், அதாவது குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்க வைக்கும் நிரல் திருத்தங்கள், முதன்மைப் பதிப்பில் சேர்ந்து முழுமை பெற்றன. இதை 'நிகழ்நேர வசதி லினக்ஸ் பருப்பிலேயே வந்துவிட்டது' என்று எழுதினால், வெளியே ஒட்டிக்கொண்டிருந்தது உள்ளே போய்விட்டது என்று உடனே புரிகிறது. 'உட்கருவில் வந்துவிட்டது' என்றால் ஊசி போட்ட மாதிரி இருக்கிறது.

பருப்பு என்றால் சாம்பார் நினைவு வரும், கேலி செய்வார்கள், 'உன் பருப்பு இங்கே வேகாது' என்பார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். துவரம்பருப்பும் தோல் நீக்கி உடைத்ததுதான், அதே பொருள்தான். முந்திரிப்பருப்பு, வாதாம்பருப்பு, வேப்பம்பருப்பு என்று சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. ஆங்கிலக்காரர் எலியையும் பூச்சியையும் மேசையையும் கொட்டையையும் கணினிக்குள் கொண்டுபோனபோது கூச்சப்படவில்லை. நாம்தான் வீட்டுச் சொல் என்றால் தள்ளி நிற்கிறோம், பாடப்புத்தக வாசனை அடித்தால்தான் கலைச்சொல் என்று நம்புகிறோம். கருனி என்று ஒரு ஆக்கமும் கண்ணில் படுகிறது. கர்னலின் ஒலியையும் கருவின் பொருளையும் ஒரே சொல்லில் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். உழைப்பை மதிக்கிறேன், ஆனால் புதிதாக வருகிறவனுக்கு அதுவும் இன்னொரு அந்நியச் சொல்தான்.

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் எடுத்து வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள், பக்கத்துச் சொல்லோடு அது சேர்ந்து நிற்குமா என்று பார்ப்பதில்லை. நிரலில் திருத்தமாகச் சேர்க்கும் பேட்ச் என்பதற்கு 'இணைப்பு' என்று எழுதுகிறார்கள். மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, அழுத்தினால் பக்கம் திறக்கும் சுட்டியும் இணைப்பு, இணையத் தொடர்பும் இணைப்பு. 'இணைப்புக்கான இணைப்பு இணைப்பில் உள்ளது' என்ற வரியைத் தமிழ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழிந்த துணிக்கு நாம் போடும் ஒட்டு இருக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை?

அந்தப் பையன் நேற்று மறுபடி வந்தான். க்னோம் ஷெல் என்று திரையில் பார்த்தானாம். அதில் கட்டளை தட்டும் கறுப்புத் திரை இல்லையே, அதற்கு ஏன் ஷெல் என்று பெயர் என்று கேட்டான். லினக்ஸில் திரைமுகப்பைத் தரும் க்னோமின் மூன்றாம் பதிப்பு 2011இல் வந்தது, அதன் முகப்புக்கு உள்ள பெயர் அது. மேல்பட்டையும் நிரல்களின் பட்டியலும் சாளரங்களும் சேர்ந்து நம் கைக்குப் படுகிற வெளிப்பக்கம் என்பதால் அப்படி வைத்தார்கள். "அப்போ அதுவும் ஓடுதானே அண்ணே" என்றான். ஆமாம், அதுவும் ஓடுதான்.