பருப்பு வருமா வராதா: ரேஷனை வைத்து மாத மளிகையைத் திட்டமிடுகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் தையல் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண் இருக்கிறார். காலை ஏழரைக்கு கம்பெனி வண்டி ஏறினால் இறங்கும்போது இருட்டிவிடும். கணவருக்கு லோடு ஆட்டோ. இரண்டு பிள்ளைகள். போன வருடம் ஒருநாள் பேச்சுவாக்கில், "ரேஷன்ல பருப்பு வாங்கியே ஆறு மாசம் ஆச்சுண்ணே. நான் போற ஞாயித்துக்கிழமை எல்லாம் ஸ்டாக் இல்லைங்கறாங்க" என்றார். அட்டையில் பதிந்திருந்த கைபேசி எண்ணை அவர்கள் எப்போதோ மாற்றிவிட்டார்கள். புது எண்ணைப் பதிந்து ரேஷன் அட்டைக்கான அரசு செயலியில் பார்த்தோம். மாதம் தவறாமல் அந்த அட்டைக்குப் பருப்பும் பாமாயிலும் "வாங்கியாகிவிட்டது".

இந்தக் கட்டுரைக்கு அந்தப் பருப்புதான் காரணம். சம்பளம் வந்ததும் மளிகைப் பட்டியல் போடுகிறவர்கள் ரேஷனில் வருவதைக் கழித்துவிட்டு மீதியைக் கடையில் வாங்குவதுதான் கணக்கு. ரேஷனில் என்ன வரும், எப்போது வரும் என்று தெரியாவிட்டால் அந்தக் கணக்கு முதல் வாரத்திலேயே உடைந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் உடைகிறது. வரிசையில் நிற்க அவர்களுக்கு நேரமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வருமானம் பார்த்து ஆளை ஒதுக்காத பொது விநியோகம். அரிசி அட்டை வைத்திருந்தால் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2017-லிருந்து ஸ்மார்ட் அட்டை. அவ்வளவு போதும்.

சாதாரணமாக ஒரு வீட்டுக்கு என்ன கிடைக்கும்? அம்மா, அப்பா, 12 வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் என்று வையுங்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளை அரை ஆளாகக் கணக்கு, ஆக மூன்று ஆள், 20 கிலோ அரிசி. ஒரு பிள்ளை மட்டும் என்றால் இரண்டரை ஆள், 18 கிலோ. சர்க்கரை தலைக்கு அரை கிலோ வீதம், அதிகபட்சம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய். துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூபாய். பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய். கோதுமை இருப்பைப் பொறுத்து, இலவசமாக, ஆனால் உங்கள் அரிசியில் கழித்துக்கொண்டு. மொத்தத்தையும் வாங்க நால்வர் குடும்பத்துக்கு ஆகும் செலவு 105 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் ஒரு டீத்தூள் பாக்கெட்டாகவோ, உப்பாகவோ, சோப்பாகவோ இருக்கும். கூட்டுறவுக் கடைகள் அதையெல்லாம் விற்கலாம், தவறில்லை. ஆனால் அதை வாங்கினால்தான் பருப்பு என்று சொல்லக் கூடாது. கட்டாயப்படுத்தக் கூடாது என்று துறையே பலமுறை சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பலமுறை விட வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே நிலவரம் உங்களுக்குப் புரியும்.

அட்டையின் முன்பக்கத்தில் ஒரு ஆங்கிலக் குறியீடு இருக்கும். பி.எச்.எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய் சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பங்களுக்கான அட்டை, 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச் என்றால் முன்னுரிமை இல்லாதது, ஆனாலும் அரிசி உண்டு. அதன் பின்னால் எஸ் இருந்தால் சர்க்கரை அட்டை, அரிசி கிடையாது. என்.சி என்றால் எந்தப் பொருளும் கிடையாது. இதில் இரண்டு இடத்தில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். ஒன்று, மாமியார் காலத்தில் "அரிசி நமக்கு எதுக்கு" என்று சர்க்கரை அட்டையாக்கிவிட்டு, இப்போது கஷ்டத்தில் இருப்பவர்கள். வகை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், தானாக மாறாது. இன்னொன்று, ஐந்தாறு பேர் இருக்கும் குடும்பம். முன்னுரிமை அட்டைக்கு நாலு பேருக்கு மேல் போனால் ஆளுக்கு 5 கிலோ வீதம் கூடும். முன்னுரிமை இல்லாத அட்டைக்கு எத்தனை பேர் இருந்தாலும் 20 கிலோவோடு சரி.

சரி, இனி அலைச்சலுக்கு வருகிறேன்.

கல்யாணம் ஆனவர்களின் கதைதான் என்னிடம் அதிகம் வருகிறது. பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு அட்டையில், பையனின் பெயர் அவன் வீட்டு அட்டையில், இருவரும் வேலைக்காக வேறு ஊரில் வாடகை வீட்டில். புது அட்டைக்கு விண்ணப்பித்தால் நிராகரிப்பு. ஒரே ஆதார் எண் இரண்டு அட்டையில் இருக்க முடியாது என்பதுதான் காரணம், ஆனால் திரையில் அது தெளிவாக வராது. முதலில் இரண்டு அட்டையிலும் பெயர் நீக்க வேண்டும். சொந்த ஊர் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய் நிற்கத் தேவையில்லை, இணையத்திலேயே செய்யலாம். அந்தந்த அட்டையில் பதிந்த கைபேசிக்கு வரும் கடவு எண் (ஓ.டி.பி) வேண்டும், அவ்வளவுதான். அப்பாவிடம் ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உட்காருங்கள். நீக்கம் ஒப்புதலான மறுநாளே புது அட்டைக்குப் போட்டுவிடுங்கள். நடுவில் விட்டால் எந்த அட்டையிலும் இல்லாத ஆளாக மாதக்கணக்கில் தொங்க நேரும்.

குடும்பத் தலைவர் இடத்தில் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணைப் போடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. புருஷன் பெயரில் போட்டுவிட்டுப் பிறகு மாற்ற இன்னொரு விண்ணப்பம் எதற்கு?

முகவரிச் சான்றில் அடுத்த முட்டுக்கட்டை. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் தரமாட்டார், மின் ரசீது அவர் பெயரில். எரிவாயு புத்தகம் கொடுங்கள் என்பார்கள். ஒரு தம்பதியை எரிவாயு ஏஜென்சி ரேஷன் அட்டை கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியது. வழங்கல் அலுவலகம் எரிவாயு புத்தகம் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியது. மூன்று அரை நாள் சம்பளம் போனது. எரிவாயு இணைப்பு இல்லையென்றால் இல்லை என்றே விண்ணப்பத்தில் போடலாம், அது இருந்தால்தான் அட்டை என்பது கிடையாது. இணைப்பு இருந்தும் இல்லை என்று போட்டால்தான் வம்பு. பெற்றோர் வீட்டிலேயே மாடியில் குடியிருப்பவர்கள் தனிச் சமையல் நடப்பதைக் காட்ட வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் அடுப்பைத்தான் பார்ப்பார். நீங்கள் வேலையில் இருக்கும்போது வந்துவிட்டு "வீடு பூட்டப்பட்டிருந்தது" என்று எழுதிவிட்டுப் போவதும் நடக்கும். பக்கத்து வீட்டில் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

ஆவணத்தை வெளிச்சமாகப் படம் எடுத்து ஏற்றுங்கள். மங்கலான ஆதார் நகலால் மட்டும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களைக் கணக்குப் பார்த்தால் மனசு வலிக்கும். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். அலுவலக வாசலில் நின்றுகொண்டு ஆயிரக்கணக்கில் கேட்கிற புரோக்கரும் அதே இணையதளத்தில்தான் ஏற்றுகிறார். அவருக்கென்று தனிக் கதவு எதுவும் இல்லை.

பிறந்த பிள்ளையின் பெயரைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். "ரெண்டு கிலோ அரிசிதானே" என்று விடுகிறவர்கள் அதிகம். பிள்ளைக்கு ஆதார் எடுத்ததும் சேர்த்துவிடுங்கள். ஐந்து வயதில் ஆதாரில் கைரேகை பதிய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் முன்னுரிமை அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் ரேகை வைக்க வேண்டிய சரிபார்ப்பில் (இ-கேஒய்சி) பிள்ளையின் ரேகை பொருந்தாமல் நிற்கும். அந்தச் சரிபார்ப்புக்குக் கட்டணம் கிடையாது, எந்த ரேஷன் கடையிலும் செய்யலாம். வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி அங்குள்ள கடையிலேயே செய்துகொள்ளலாம். டிக்கெட் போட்டு வரவழைக்காதீர்கள்.

கைபேசி எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் எதைத் தொடப் போனாலும் பதிந்த எண்ணுக்குக் கடவு எண் போகும். அந்த எண் செத்திருந்தால் நீங்கள் வெளியே. எண்ணை மாற்றவும் அதே எண்ணுக்கே கடவு எண் போகும் என்பதுதான் இதில் வேடிக்கை. இதற்கு நல்ல வழி, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாம். பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி, கைபேசி எண், நேரில் வர முடியாத முதியவர்களுக்குப் பதில் வேறொருவர் பொருள் வாங்குவதற்கான அங்கீகாரச் சான்று எல்லாம் அங்கே பார்க்கிறார்கள். கடை மேல் புகாரும் கொடுக்கலாம். சனிக்கிழமை என்பதால் விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கும் ஓரளவு தோதுப்படும். சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் நடக்கும், மற்ற ஊர்களில் வட்டத்துக்கு ஓர் இடத்தில். மனு எழுதிக் கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன எதுவும் அங்கே நடந்ததாகவே இருக்காது.

எண் சரியாக இருந்தால் பொருள் வாங்கியதும் குறுஞ்செய்தி வரும். அதைப் படியுங்கள், அரிசி மட்டும் வாங்கிய அன்று பருப்புக்கும் பில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருப்பதை இன்று வாங்கிக்கொண்டு இல்லாததை இன்னொரு நாள் வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, இயந்திரமும் அதற்கு இடம் கொடுக்கும். "எல்லாத்துக்கும் சேர்த்து ரேகை வச்சுட்டுப் போங்க, பருப்பு அப்புறம் வந்து வாங்கிக்கங்க" என்று சொன்னால் வைக்காதீர்கள். அந்த 'அப்புறம்' வராது. தவறான பில் விழுந்துவிட்டால் அன்றைக்கே 1967 அல்லது 1800 425 5901-க்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். மாதம் முடிந்த பிறகு சொன்னால் "இப்போ எதுவும் செய்ய முடியாது" என்ற ஒரே பதில்தான். சில மாதங்களில் பருப்பும் எண்ணெயும் தாமதமாகும்போது அடுத்த மாதமும் சேர்த்து வாங்கலாம் என்று அறிவிப்பார்கள். 2024 மே மாதத்துக்கு அப்படி நடந்தது. அறிவிப்பு இல்லாவிட்டால் போன மாதத்துப் பங்கு போனதுதான்.

பாத்திரம் தேய்க்கிறவர்கள், சிமென்ட் வேலை செய்கிறவர்கள் விரலில் ரேகையே தேய்ந்திருக்கும். இரண்டு மூன்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "மேட்ச் ஆகலம்மா, போயிட்டு வாங்க" என்பார்கள். ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் இல்லை என்று திருப்பக் கூடாது. கண் கருவிழிக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு வழியில் பதிந்து கொடுங்கள் என்று நின்று கேளுங்கள். நின்றால் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாடகை வீடு மாறினால் முகவரி மாற்றும் வரை பழைய கடைக்கு ஓட வேண்டாம். மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம், 2020 அக்டோபர் முதல். "உங்க கடைக்குப் போங்க" என்று சொன்னாலும் ரேகையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனிக்குப் பக்கத்தில் கடை இருந்தால் அங்கேயேகூட முடித்துக்கொள்ளலாம். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் கடை உண்டு, அதற்குப் பதில் மாதத்தின் முதல் இரண்டு வெள்ளிகள் விடுமுறை. மற்ற ஞாயிறுகள் விடுமுறை. தையல் கம்பெனிக்காரப் பெண்ணுக்கு இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தாலே பாதி வெறும் நடை மிச்சம். முதல் ஞாயிறு அரிசி, சர்க்கரை. பருப்பு இருந்தால் அதுவும். இல்லையென்றால் இரண்டாம் ஞாயிறு.

கடைசியாக மளிகைக் கணக்கு. ரேஷன் வயிற்றை நிரப்பும், சத்தை நிரப்பாது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 85 கிராம் பருப்பு, பயறு வகை வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நாலு பெரியவர்களுக்கு 340 கிராம், அதாவது ரேஷனில் தரும் ஒரு கிலோ மூன்று நாளைக்குத்தான். அரிசிக்கு மிச்சமாகும் பணத்தை நல்ல பொன்னி அரிசிக்கு மாற்றிச் செலவழிக்காமல் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, முட்டை, கீரை என்று திருப்பினால்தான் ரேஷன் வாங்கியதற்குப் பலன். ரேஷன் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் புழுங்கலை இட்லிக்கு வையுங்கள், கூடுதல் நேரம் ஊற வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈடு மாவு அரைத்தால் புதன் வரை காலையும் இரவும் ஓடும். கோதுமை கிடைத்த மாதத்தில் மில்லில் அரைத்துவிட்டால் மீதி நாட்களுக்குச் சப்பாத்தி. அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் காலை உணவு அங்கேயே, மதியம் முட்டையோடு சாப்பாடும் உண்டு. கௌரவம் பார்த்து டப்பா கட்டிக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த முட்டைக்கு ஈடாக அந்த டப்பாவில் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

தையல் கம்பெனிப் பெண்ணுக்குப் புகார் கொடுத்த அடுத்த மாதத்திலிருந்து பருப்பு வருகிறது. பழைய ஆறு மாதத்துப் பருப்பு என்ன ஆனது என்று கேட்டு இரண்டு முறை முகாமில் மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு ஒப்புகைச் சீட்டுகள் கையில் இருக்கின்றன.