பி.சி.யில் மலையாடு வேட்டை: துப்பாக்கி வாங்கும் முன் நாட்களை எண்ணுங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் (பி.சி.) மலையாட்டை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. ஊரில் வரையாட்டைத் தொட்டால் சிறை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது முதலில் நம்பும்படி இருக்காது. இது வேறு விலங்கு. வெள்ளை ரோமம், கறுப்புக் கொம்பு. உலகில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாகாணத்து மலைகளில்தான் வாழ்கின்றன. எந்த மலையில் எத்தனை பேர் வேட்டைக்குப் போகலாம் என்று மாகாண அரசு கணக்குப் போட்டு, பெரும்பாலும் குலுக்கல் வைத்து அனுமதி தருகிறது. அரசுப் பின்னணி இவ்வளவு போதும்.

பயிற்சி வகுப்பு, ரைபிள், பைனாகுலர், மலை பூட்ஸ் என்று எல்லாவற்றுக்கும் பணம் கொட்டிவிட்டு, கடைசியில் "நீங்கள் இந்த மாகாண வாசி இல்லை" என்ற பதிலோடு நிற்கும் நம் ஆட்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பதிலை யாரும் முதல் நாளே சொல்வதில்லை. பணம் கட்டும் ஒவ்வொரு இடத்திலும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். தகுதியைக் கேட்கும் இடம் வரிசையில் கடைசியாக வருகிறது. அதனால் நீங்களே அதை முதலில் பாருங்கள்.

மாகாண வாசி யார்?

மலையாட்டுக்கான குலுக்கலில் பெயர் போட, பி.சி. மாகாண வாசியாக இருக்க வேண்டும். எம்.எஸ்.பி. எனும் மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, பி.சி. டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது, வரியும் இங்கேதான் கட்டுகிறேன் என்பதெல்லாம் போதாது. வனவிலங்குச் சட்டம் தனியாக ஒரு நாள் கணக்கு வைத்திருக்கிறது.

நீங்கள் கனடா குடிமகன் அல்லது பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்) என்றால், உங்கள் முதன்மை வீடு பி.சி.யில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 12 காலண்டர் மாதங்களில் 6 மாதங்களிலாவது, அந்தந்த மாதத்தின் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் மாகாணத்துக்குள் உடலோடு இருந்திருக்க வேண்டும். ஒர்க் பெர்மிட்டிலோ ஸ்டடி பெர்மிட்டிலோ இருப்பவர் என்றால் 6 மாதம் போதாது. 12 மாதங்களும் வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் கணக்கு உடைந்துவிடும்.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். ஒர்க் பெர்மிட்டில் உள்ளவர் டிசம்பர் 5-ம் தேதி சென்னைக்குக் கிளம்பி 24-ம் தேதி திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நாள்தான். ஆனால் டிசம்பரில் அவர் பி.சி.யில் இருந்தது 11 நாள், அதாவது பாதிக்கும் கீழே. அந்த டிசம்பர் போய்விட்டது. அது 12 மாதக் கணக்கை விட்டு வெளியேறும் வரை, அதாவது அடுத்த ஆண்டு முழுவதும், அவர் வாசி இல்லை. இன்னொருவர் டிசம்பர் 20-ல் கிளம்பி ஜனவரி 12-ல் திரும்புகிறார். இவர் இன்னும் அதிக நாள் வெளியே இருந்தவர். ஆனால் இரண்டு மாதத்திலும் 19 நாள் பி.சி.யில் இருந்திருக்கிறார், எனவே கணக்கு உடையவில்லை. ஒரே மாதத்துக்குள் அடங்கும் பயணம்தான் ஆபத்து. மாதக் கடைசியைத் தாண்டி இரண்டு பக்கமும் பிரியும் பயணம் தப்பித்துவிடும். இதில் என்ன நியாயம் என்று கேட்காதீர்கள், எனக்கும் புரியவில்லை. டிக்கெட் போடும்போது காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் செய்ய முடியும்.

வந்து இறங்கிய தேதிக்கும் இதே கதைதான். ஒர்க் பெர்மிட்டில் மே 10-ம் தேதி வான்கூவரில் இறங்கினால் அந்த மே மாதம் கணக்கில் சேரும். அடுத்த ஆண்டு மே 1-ல் தகுதி வந்துவிடும். மே 20-ம் தேதி இறங்கினால் அந்த மே சேராது, தகுதி ஜூன் 1-ல்தான் வரும். இலையுதிர்காலக் குலுக்கலுக்கான கடைசித் தேதி வழக்கமாக மே மாதக் கடைசி வாரத்தில் முடிந்துவிடும். பத்து நாள் வித்தியாசத்தில் ஓர் ஆண்டு போகிறது.

மாணவர்கள் கோ-ஆப் எனும் படிப்போடு சேர்ந்த வேலைக்காக நான்கு மாதம் டொராண்டோ போனால் கணக்கு அங்கேயே முடிந்தது, ஸ்டடி பெர்மிட்டுக்கு 12 மாதம் என்பதால். பி.ஆர். உள்ளவர்களுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. ஆனால் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் வேலைக்கு இரண்டு வாரம் உள்ளே, இரண்டு வாரம் வீடு என்று போய் வருபவர்கள் கவனம். 30 நாள் மாதத்தில் 15 நாள் பி.சி.யில் இருந்தால் அது சரிபாதி. சட்டம் கேட்பது பாதிக்கு மேல்.

இன்னொன்று. விண்ணப்பிக்கும் நாளில் மட்டும் வாசியாக இருந்தால் போதாது, வேட்டைக்குப் போகும் நாளிலும் இந்தக் கணக்கு பொருந்த வேண்டும். ஜூலையில் பக்கத்து மாகாணத்துக் கால்கரிக்கு வீடு மாற்றிவிட்டு, குலுக்கலில் விழுந்த அனுமதியை வைத்து செப்டம்பரில் மலையேறினால் அது குற்றம். பொய்யான தகவல் கொடுத்து அனுமதி வாங்குவதும் தனிக் குற்றம்.

ஆதாரமாக எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும் என்றால், போர்டிங் பாஸ், வாடகை ரசீது, பி.சி. ஹைட்ரோ மின்சார பில், சம்பளச் சீட்டு, எல்லாமே. கனடாவை விட்டு வெளியே போகும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். எல்லைச் சேவை அமைப்பிடம் உங்கள் பயண வரலாற்றைக் கேட்டு வாங்கலாம். வேறு மாகாணத்துக்குப் போய் வந்தது அதில் வராது. எனவே பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

காலாவதியான பி.ஆர். அட்டையை நீட்டினால் சில கவுண்டர்களில் "உங்களுக்கு பி.ஆர். இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அட்டை காலாவதியானால் பி.ஆர். நிலை போய்விடாது. அட்டை ஓர் அத்தாட்சி மட்டுமே. பதற்றப்படாமல் அதைச் சொல்லுங்கள், எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் என்றதும் பாதிப் பேர் மேலதிகாரியைக் கூப்பிடுவார்கள்.

ஸ்கார்பரோ மச்சானும் காசு கேட்கும் வழிகாட்டியும்

ஒன்டாரியோவில் இருபது வருடமாகக் குடியுரிமையோடு இருக்கும் மச்சான், பி.சி. சட்டத்தின் கண்ணில் வெளியாள்தான். அவர் பெயரைக் குலுக்கலில் போட முடியாது. பெருவிலங்கு வேட்டைக்கு அவர் வர வேண்டும் என்றால் லைசென்ஸ் உள்ள கைடு அவுட்ஃபிட்டரோடு (வேட்டைக்கு வழிகாட்டுவதைத் தொழிலாகச் செய்பவர்) வர வேண்டும், இல்லாவிட்டால் உடன் அழைத்துச் செல்லும் சிறப்பு அனுமதியைப் பி.சி. வாசி ஒருவர் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் லைசென்ஸ் வைத்துக்கொண்டு "சும்மா ஒரு தடவை நீ சுடு" என்று ரைபிளைக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் வழக்கு.

இந்த இடைவெளியில்தான் ஏமாற்றுகிறவர்கள் புகுந்திருக்கிறார்கள். "எனக்கு மலை தெரியும், பெட்ரோல் செலவோடு ஒரு தொகை கொடுங்கள், நான் கூட்டிப்போகிறேன்" என்பார்கள். நம் மொழியிலேயே பேசுவார்கள், அதனால் நம்பிக்கை வந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு வழிகாட்ட லைசென்ஸ் வேண்டும்.  அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வனவிலங்குச் சட்டத்தை அமல்படுத்தும் கன்சர்வேஷன் ஆபீசர் பிடிக்கும்போது, கூட்டிப்போனவர் "நண்பர்" ஆகிவிடுவார், வழக்கு உங்கள் தலையில் நிற்கும்.

பெயர், எண், துப்பாக்கி

நாள் கணக்கு சரியாக இருக்கிறதா? அப்புறம்தான் மற்றவை. முதல் தடவை வேட்டை லைசென்ஸ் எடுக்க கோர் எனப்படும் பயிற்சியை முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தேற வேண்டும். எஃப்.டபிள்யூ.ஐ.டி. என்ற மீன்-வனவிலங்கு அடையாள எண்ணை ஆன்லைனில் எடுக்க வேண்டும். அதில் வாசி என்ற சான்றும் வேட்டைக்காரர் என்ற சான்றும் தனித்தனியாக ஏற வேண்டும். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறிவிட்டது என்று நினைத்துக் குலுக்கலின் கடைசி நாளில் உள்ளே போய்ப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு. போன் செய்தால் ஆன்லைனில் பாருங்கள் என்பார்கள், ஆன்லைனில் "பரிசீலனையில்" என்று நிற்கும், கவுண்டருக்குப் போனால் போன் நம்பர் எழுதிக் கொடுப்பார்கள். இந்தச் சுற்றுக்கு மே மாதத்தில் நேரம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்குங்கள்.

நம் பெயர்கள் இதில் தனித் தொல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், குடிவரவுத் துறை முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயரைக் காலியாக விடும். டிரைவிங் லைசென்ஸில் அது வேறு மாதிரி வந்திருக்கும். கோர் வகுப்பில் நீங்கள் இனிஷியலோடு எழுதியிருப்பீர்கள். மூன்று ஆவணம், மூன்று பெயர். கம்ப்யூட்டர் ஒன்றையும் சேர்க்காது. முதல் நாளே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள், மாகாண அடையாள அட்டையான பி.சி. சர்வீசஸ் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, காலிக் கட்டம் உட்பட.

துப்பாக்கிக்கு பி.ஏ.எல். என்ற மத்திய அரசு லைசென்ஸ் வேண்டும். பாதுகாப்பு வகுப்பில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு. அது குறைந்தபட்சம். கையில் கிடைக்க அதைவிட நாளாகும், எனவே ஆகஸ்ட் மாதப் பருவத்தை நினைத்து ஜூலையில் விண்ணப்பிக்காதீர்கள். உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயரைக் கேட்பார்கள். மனைவி அல்லது கணவருக்கும் தகவல் போகும். வீட்டில் சொல்லாமல் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். வாடகை வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இதை மறக்காதவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

குலுக்கலில் விழுந்த பிறகு

வடமேற்கில் சில பகுதிகளில் குலுக்கல் இல்லாத பொதுப் பருவம் உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் குலுக்கல்தான். விழுந்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அந்த அனுமதி லைசென்ஸ் ஆகாது. வேட்டை லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும், மலையாட்டுக்கான இன லைசென்ஸ் அதற்கும் தனியாக. மூன்றும் கையில் இருக்க வேண்டும். வேட்டை லைசென்ஸின் ஆண்டு மார்ச் 31-ல் முடியும், போன வருட லைசென்ஸ் உதவாது.

அரசு வெளியிடும் விதிமுறைக் கையேட்டைப் படியுங்கள். ஆனால் "இது சட்டம் இல்லை, சுருக்கம்தான்" என்று கையேடே சொல்கிறது. கையேட்டை நம்பிப் போனேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பருவத்தின் நடுவிலும் மாற்றங்கள் வரும், கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை இணையத்தில் பாருங்கள். அனுமதி ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மட்டும். அந்த எல்லை பல இடங்களில் மலை முகடோ ஓடையோதான். முகட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆடு உங்களுடையது இல்லை.

ஆணுக்கும் பெட்டைக்கும் கொம்பு உண்டு. ஆண் கொம்பு அடியில் பருத்துச் சீராக வளையும், பெட்டையின் கொம்பு மெலிந்து நுனியில் மட்டும் வளையும். குட்டியோடு நிற்கும் பெட்டையைத் தொடக்கூடாது. சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள். செங்குத்துப் பாறையில் நிற்பதையும் விட்டுவிடுங்கள். சுட்டதை மீட்க நியாயமான எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்பது சட்டம். அது உருண்டு விழும் இடத்துக்கு நீங்கள் இறங்க முடியாது.

ஆடு விழுந்ததும், அதைக் கையாளும் முன்பே, இன லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும். போட்டோ அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். உண்ணத்தக்க கறி முழுவதையும் மலையிலிருந்து இறக்கி வீட்டுக்கோ கசாப்புக் கடைக்கோ குளிர் கிடங்குக்கோ கொண்டு சேர்க்க வேண்டும். கொம்பும் தோலும் மட்டும் எடுத்துக்கொண்டு கறியை விட்டுவிட்டு வருவது குற்றம். எந்தப் பாலினம் என்று காட்டும் பாகத்தையும் அறுத்துப் போடாமல் கறியோடு வைத்திருக்க வேண்டும்.

ஊர்ப் பழக்கத்தில் கூறு போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினால் அது காட்டு விலங்கு விற்பனை ஆகிவிடும். சும்மா கொடுக்கலாம். கறியை நண்பர் தன் காரில் எடுத்துப் போகிறார் என்றால், உங்கள் பெயரும் லைசென்ஸ் எண்ணும் உள்ள கைமாற்றுச் சீட்டு அவரிடம் இருக்க வேண்டும். சாலைச் சோதனையில் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக, மலையாட்டைக் கட்டாய ஆய்வுக்குக் காட்ட வேண்டும். அதற்குக் கெடு உண்டு, லைசென்ஸ் வாங்கும்போதே அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆய்வாளர்கள் எல்லா ஊரிலும் இல்லை, பலர் முன்பதிவு செய்தால்தான் பார்ப்பார்கள். கொம்பைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலையிலிருந்து இறங்கி சிக்னல் கிடைத்ததும் முதல் போன் ஆய்வாளருக்குப் போகட்டும்.