நடுக்கத்துக்கு முன்பே வரும் சோர்வு

“அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். நடக்க முடியவில்லையே என்ற கவலையில் யாரிடமும் பேசுவதில்லை. கவலைக்குமா மாத்திரை?” என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

தேவைப்படலாம். அது வெறும் கவலையாக இல்லாமல், மனச்சோர்வாக, பார்க்கின்சன் நோயின் ஒரு பகுதியாகவே இருக்கலாம்.

டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைத் தரும் நரம்பணுக்கள் அழிவதால் நடுக்கமும் இறுக்கமும் வருவது தெரிந்த கதை. ஆனால் சேதம் அங்கே தொடங்குவதில்லை என்று 2003-இல் ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழு காட்டியது. ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம் பெரும்பாலும் மோப்பப் பகுதியிலும் மூளைத்தண்டின் அடியிலும் திரளத் தொடங்கி, மேல்நோக்கிப் பரவுகிறது. வழியில்தான் இருக்கிறது லோகஸ் செருலியஸ்.

எனக்கு வியப்புத் தீராத இடம் இது. நீலம் பாய்ந்த சின்னஞ்சிறு திட்டு. சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான். அவற்றின் இழைகளோ கிளைத்துக் கிளைத்துப் பெருமூளைப் புறணி, சிறுமூளை, தண்டுவடம் என எங்கும் ஓடி நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கின்றன, ஒரே மதகிலிருந்து ஊர் வயல்களுக்கெல்லாம் நீர் பாய்வதுபோல. விழிப்பு, கவனம், ஒன்றைச் செய்யத் தூண்டும் ஊக்கம் எல்லாம் இதைச் சார்ந்தவை. மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனினைத் தரும், மூளைத்தண்டின் ராஃபே அணுக்களும் இதே கட்டத்தில் பாதிக்கப்படுகின்றன. டோபமின் அணுக்களின் முறை அதன் பிறகே. அதனால்தான் சிலருக்குக் கை நடுங்கும் முன்பே, சில ஆண்டுகள் முன்னதாகக்கூட, மனம் சோர்ந்துவிடுகிறது.

இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது கடினம். உணர்ச்சி காட்டாத முகம், மந்தமான நடை, கெட்ட தூக்கம் பார்க்கின்சன், மனச்சோர்வு இரண்டுக்கும் பொது. ஆகவே முகத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பேத்தி வந்தால் மனம் மகிழ்கிறதா என்று அவரையே கேளுங்கள்.

பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்துகள் இரண்டும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்ததை 2012-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் எண்ண–நடத்தைச் சிகிச்சையும் பலன் தருகிறது. நடுக்கத்துக்குச் செலவிடும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்காவது இதற்கும் வர வேண்டும். “கிரகநிலை சரியில்லை” என்று பரிகாரத்துக்கு அலைந்து மாதங்களைத் தொலைக்கும் குடும்பங்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: அப்பா பார்க்கின்சனுக்கான ராசாஜிலின் அல்லது செலிஜிலின் மாத்திரை சாப்பிட்டால் மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகள் சில அவற்றுடன் சேரும்போது, அரிதாக, செரோடோனின் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.