சிங்க் ஆகிறது, சரி. பேக்கப் இருக்கிறதா?

மதுரையில் வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துவருகிறேன். முன்பெல்லாம் சிஸ்டம் ஆன் ஆகவில்லை, பிரிண்டர் ஓடவில்லை என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது "ஃபைலைக் காணோம்" என்று கூப்பிடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது, வைரஸும் இருக்காது. வீட்டில் உள்ள இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை யாரோ சிங்க் செய்து, அதாவது எல்லாவற்றிலும் ஒரே ஃபைல்கள் இருக்கும்படி இணைத்துக் கொடுத்திருப்பார்கள். அதை பேக்கப், அதாவது தனியாக எடுத்துவைத்த பாதுகாப்பு நகல் என்று வீட்டார் நம்பியிருப்பார்கள்.

திருநகரில் ஒரு வீடு. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹாலில் ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கிறார். மகள் வேலைக்குப் போகிறவர், அவரிடம் ஒரு லேப்டாப். வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு, இணையத்தில் ஃபைல்களைச் சேமித்துவைக்கும் ஒரு கிளவுட் சேவை வழியாக இரண்டிலும் வரும்படி வைத்திருந்தார்கள். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று மகள் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டார். "அண்ணே, என் லேப்டாப்பிலதான் அழிச்சேன், அப்பா சிஸ்டத்தில இருக்கும்னு நினைச்சேன்" என்றார். வங்கிக் கடனுக்காக அப்பா பத்திரத்தைத் தேடியபோதுதான் அவர் சிஸ்டத்திலும் இல்லை என்று தெரிந்தது. அதற்குள் இரண்டு மாதம் போல ஆகியிருந்தது. பத்திரத்தின் அசல் பீரோவில் இருந்ததால் அதை மறுபடி ஸ்கேன் செய்துகொண்டார்கள். படங்கள் போனது போனதுதான்.

அந்த மென்பொருள் பழுதாகவில்லை. இரண்டு இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. ஓரிடத்தில் புது ஃபைல் வந்தால் மற்ற இடத்துக்கும் கொண்டுபோகும், ஓரிடத்தில் அழிந்தால் மற்ற இடத்திலும் அழிக்கும். தெரியாமல் அழித்ததா, வேண்டுமென்று அழித்ததா என்று அது கேட்காது. எக்செல் ஷீட்டில் கைதவறி ஒரு பத்தியை அழித்துச் சேமித்தாலும் அப்படியே. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால், பூட்டிய ஃபைல்களையும் அது அக்கறையாக அடுத்த கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கிளவுட் சேவைகளில் குப்பைத்தொட்டி உண்டு. ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது. கூகுள் டிரைவிலும், தனிநபர் ஒன்டிரைவ் கணக்கிலும் அழித்த ஃபைல் 30 நாள் இருக்கும். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கிலும் 30 நாள்தான். பத்திர ஸ்கேனையும் கல்யாணப் படங்களையும் மாதாமாதம் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதனால், தவறுதலாக ஏதோ அழிந்துவிட்டது என்ற சந்தேகம் வந்த அன்றைக்கே, வேறு எதையும் செய்வதற்கு முன்னால், பிரவுசரில் அந்தக் கணக்கைத் திறந்து குப்பைத்தொட்டியைப் பாருங்கள்.

லேப்டாப்பில் இடம் வேண்டுமென்றால் அழிக்கத் தேவையே இல்லை. ஒன்டிரைவில் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்தால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று வரும். அதைக் கொடுத்தால் ஃபைல் கிளவுடில் இருக்கும், உங்கள் டிஸ்க்கிலிருந்து மட்டும் இறங்கிவிடும். அப்புறம் அந்த ஃபைல் பக்கத்தில் நீல நிற மேகம் தெரியும். இணையம் இல்லாமல் அதைத் திறக்க முடியாது என்று அர்த்தம். உள்ளே வெள்ளை டிக் போட்ட பச்சை வட்டம் இருந்தால் ஃபைல் எப்போதும் உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும். இந்த இரண்டு குறிகளையும் வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள்.

புது லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவுக்குள் போயிருக்க வாய்ப்பு உண்டு. இலவச இடம் 5 ஜிபிதான். அது நிறைந்த பிறகு சேமிக்கிற ஃபைல்கள் அந்த லேப்டாப்பில் மட்டும் நிற்கும், மேலே போகாது. கூகுளில் 15 ஜிபி, ஆனால் ஜிமெயிலும் ஃபோட்டோஸும் டிரைவும் சேர்ந்து அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. "எல்லாம் கிளவுட்ல இருக்கு தம்பி" என்று பெரியவர்கள் சொல்லும்போது, கடைசியாக எந்தத் தேதி ஃபைல் அங்கே போயிருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கிளவுட் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இரண்டு சிஸ்டமும் பேசிக்கொண்டால் போதும் என்பவர்களுக்கு நான் போட்டுக்கொடுப்பது சிங்க்திங். இலவசம், திறந்த மூல மென்பொருள், 2013 முதல் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருந்தால் ஃபைல் ரவுட்டர் வழியாக நேராகப் போகும், நெட் டேட்டா செலவாகாது. கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இது பெரிய உதவி. பாதியில் கரண்ட் போனாலும் பயமில்லை. தற்காலிகப் பெயரில் இறக்கி, முழுதாக வந்த பிறகுதான் பழைய ஃபைலின் இடத்தில் வைக்கும்.

ஆனால் இரண்டு சிஸ்டமும் ஒரே நேரத்தில் ஆனில் இருந்தால்தான் சிங்க் நடக்கும். நம் வீடுகளில் அப்பா காலையில் போட்டு அணைப்பார், பிள்ளைகள் இரவில் போடுவார்கள். பராமரிப்புக்காக மின்தடை உள்ள நாளில் பகல் முழுக்க எதுவும் ஓடாது. இந்த இடைவெளியில் இருவரும் ஒரே ஃபைலைத் திருத்திவிட்டால், பிற்பாடு சந்திக்கும்போது சிங்க்திங் இரண்டையும் வைத்துக்கொள்ளும். பழைய தேதி உள்ளதன் பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' (மோதல்) என்று சேர்த்துவிடும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி. எது பழையது என்பதை ஃபைலின் தேதியை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. பழைய டெஸ்க்டாப்களில் மதர்போர்டில் உள்ள பட்டன் செல், சிஆர்2032 என்பது, தீர்ந்துபோயிருக்கும். கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். நெட் கிடைத்ததும் விண்டோஸ் நேரத்தைத் திருத்திக்கொள்ளும் என்றாலும், அதற்குள் நீங்கள் திறந்து சேமித்த ஃபைலில் தப்பான தேதி விழுந்துவிடும். அதாவது இன்று உட்கார்ந்து செய்த வேலைக்கே 'கான்ஃப்ளிக்ட்' என்று பெயர் வந்துவிடும். வீட்டில் யாராவது அதைக் குப்பை என்று நினைத்து அழித்தால் உழைப்பு போயிற்று. கான்ஃப்ளிக்ட் ஃபைலைத் திறந்து பார்க்காமல் தயவுசெய்து அழிக்காதீர்கள். கடிகாரம் அடிக்கடி பின்னால் போகிறதென்றால் முதலில் செல்லை மாற்றுங்கள். விலை குறைவுதான், டவுன்ஹால் ரோட்டில் எளிதாகக் கிடைக்கும்.

சிங்க்திங்கில் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வசதி உண்டு. அதை நாமாகத்தான் அமைக்க வேண்டும். இரண்டு கம்ப்யூட்டரிலும் அமைக்க வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டும்தான் அது பழைய பிரதியை எடுத்துவைக்கும். உங்கள் சிஸ்டத்தில் நீங்களே அழித்ததை அதே சிஸ்டத்தில் தேடினால் கிடைக்காது, மறுமுனையில்தான் இருக்கும். எல்லா ஃபோல்டரையும் இருவழியாக வைக்கவும் வேண்டாம். படம் ஒரு சிஸ்டத்தில்தான் ஏற்றுகிறீர்கள் என்றால் அங்கே 'அனுப்ப மட்டும்', மற்றதில் 'பெற மட்டும்' என்று வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டரை மட்டும் எந்த சிங்க்கிலும் போடாதீர்கள். வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறவர்கள் இதை அடிக்கடி செய்கிறார்கள். ஒரு கம்பெனியின் கணக்கு என்பது ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பல ஃபைல்கள். டேலி திறந்திருக்கும்போது சிங்க் அவற்றில் சிலதைப் புதிதாகவும் சிலதைப் பழையதாகவும் கொண்டுபோனால் மறுமுனையில் கணக்கு திறக்காமல் போகலாம். டேலியிலேயே பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பை மட்டும் சிங்க் ஃபோல்டரில் வையுங்கள்.

இதற்கெல்லாம் மேலே, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். வாரம் ஒருமுறை மாட்டி, காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் வைரஸுக்கு அதுவும் இன்னொரு டிரைவ்தான். ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற மென்பொருள்களில் காப்பி எடுப்பதாக இருந்தால் 'மிரர்' வேண்டாம், 'அப்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மிரர் என்றால் கம்ப்யூட்டரில் இல்லாததை டிஸ்க்கிலிருந்தும் எடுத்துவிடும். முடிந்தால் இன்னொரு டிஸ்க்கை உசிலம்பட்டியிலோ மேலூரிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள், ஊருக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். நகல் எடுத்த டிஸ்க்கிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரை விற்கும்போதோ தம்பி பிள்ளைக்குக் கொடுக்கும்போதோ, சுத்தம் செய்கிறேன் என்று ஃபோல்டர்களை அழிக்க ஆரம்பிக்காதீர்கள். சிங்க் ஓடிக்கொண்டிருந்தால் புதுக் கம்ப்யூட்டரிலும் சேர்ந்து காலியாகிவிடும். முதலில் நெட்டைத் துண்டியுங்கள், சிங்க் மென்பொருளை நிறுத்தி அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். புதுக் கம்ப்யூட்டரில் ஃபைல்கள் முழுசாக இருக்கின்றனவா, திறக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் பழையதை ஃபார்மட் செய்யலாம்.